வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் என் இருபத்தெட்டுப் பற்கள்

கோல சிலாங்கூர்,
24.11.1984

ரவாங் தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சுழற்றி, அந்த வேகத்தில் பூமியையும் சுழற்றிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி தேவதாசுக்கு, இருபத்தெட்டுப் புதுப் பற்களின் ஏக உரிமையாளனான தாய்மாமன் சன்னாசி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், உன் அத்தை அமராவதி, என் பல்செட்டு மூவரும் சுகம். அவ்விடம் நீ சோறு தின்னாமல் தபால்காரனையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்பதும் தெரியும்.

உலு யாம் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் நல்லசாமி மண்டோரின் மகள் அம்சவள்ளியைக் கேட்டு முடிக்கவேண்டும், சித்திரையில் கம்பெனிப் பரீட்சை இருப்பதால் கல்யாணத்தை வைகாசிக்கு வைக்கவேண்டும், தாமதித்தால் பத்தாங் காலி லோரிக்காரர் வீட்டில் முந்திவிடுவார்கள் என்று மூன்று கடிதம் போட்டாயே, அதற்காகத்தான் இவ்வளவும். பொக்கை வாயோடு போனால் பெண் தரமாட்டார்கள், கஞ்சிதான் தருவார்கள் என்று உன் அத்தை என்னைப் பட்டணத்துச் சீனப் பல் வைத்தியரிடம் இழுத்துப்போனாள். பொய்ப்பல்லுக்கு மலாயில் 'கிகி பல்சு' என்று பேராம். பல்சு என்றால் போலி. அந்தச் சொல்லுக்குள்ளேயே எங்கள் தமிழ்ப் 'பல்'லை வைத்துக்கொண்டு போலி என்பது என்ன நியாயம் என்று கேட்டேன். கேட்டு முடிக்குமுன் அச்செடுக்கும் மாவை வாயில் அப்பிவிட்டார்.

பல் வந்த அன்று ஆற்றங்கரையில் நின்று சிரித்தேன். கலங்கரை விளக்கம் இடம் மாறிவிட்டது என்று பாசிர் பெனம்பாங் மீன்படகுகள் முப்பதும் என்னை நோக்கித் திரும்பின. 'ச' சொன்னால் மட்டும் விசில். மாரியம்மன் கோயிலில் "சரணம்" என்றேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஊதியாகிவிட்டது என்று தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் வாளியும் கத்தியுமாக ஓடி வந்து வரிசையில் நின்றது.

போன ஞாயிறு உலு யாம் போனோம். உன்னை நான் புகழ்ந்த புகழ்ச்சியில் நீயே உன்னை அடையாளம் கண்டிருக்கமாட்டாய். நல்லசாமி மடிப்புக் கலையாத வேட்டியும் மூடிய வாயுமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேச்சு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தது. நம் சனத்தில் தட்டு மாற்றி, அங்கேயே இரண்டு பேரும் மென்றால்தானே வாக்கு உறுதி? வைத்தியரோ ஒரு வாரத்துக்குக் கெட்டியானது எதையும் கடிக்காதே என்றிருந்தார். ஒரே ஒரு பாக்கைக் கடித்தேன். மேல் செட்டு நகர்ந்து என் வலது காதை நலம் விசாரிக்கப் போய்விட்டது. மெதுவாக அதை உள்ளே தள்ளிவிட்டு, பாக்கைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டேன். நல்லசாமி பார்த்துவிட்டார்.

"என்னாங்க, பாக்கு பைக்குள்ள போவுது? எங்க வெத்தல வேணாம்னா நேரா சொல்லிருங்க லா. லோரிக்காரங்க வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

உன் கல்யாணம் வாசற்படி வரை போய்விட்டது, மாப்பிள்ளை. உன் அத்தை என் தொடையைக் கிள்ளிய இடம் இன்னும் நீலமாயிருக்கிறது. அப்போதுதான் அம்சவள்ளி உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்பு உரலோடு வந்து, எல்லார் நடுவிலும் உட்கார்ந்தாள்.

"மாமா, அத கழட்டி மடியில வச்சிக்குங்க. நான் இடிச்சித் தர்றேன். அப்பாவுக்கும் தெனம் இப்டித்தான்."

நல்லசாமி முகம் செவ்வரளியானது. பிறகு வாயைத் திறந்து சிரித்தார். உள்ளே என் பழைய வாயேதான்! ஒரே உரலில் இடித்ததை இருவரும் பங்குபோட்டு மென்றோம். பல் மடியிலும் வெற்றிலை வாயிலுமாக, "வையாசி" என்று முகூர்த்தத்தையும் அறிவித்தேன். "நீங்க சொன்னபடியே, சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆகவே நிம்மதியாகப் படி. ஆறு மாதம் இருக்கிறது. நூறு பிள்ளை பெற்று நூறு பேருக்கும் நல்ல பல் முளைக்க வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
சன்னாசி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் நல்லசாமியின் தபாலட்டை வந்தது. "தங்கள் வாய்ச்சொல்படி தை ஏழு, ஞாயிறு, கோயில் மண்டபம் பிடித்தாயிற்று" என்று எழுதியிருக்கிறார். என் 'வையாசி' அவர் காதில் 'தையாச்சி' என்று விழுந்திருக்கிறது. உடனே லீவுக்கு எழுதிப் போடு. பரீட்சையைத் தாலி கட்டியபின் எழுதிக்கொள்ளலாம். ஓடிப்போய்த் திருத்தலாமே என்பாய். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொருவர் எழுதியிருப்பதையும் படி: "மாமா, எனக்கு வையாசின்னு சரியாத்தான் கேட்டிச்சி. அப்பாகிட்ட சொல்லல."