நித்திரை கொண்டவருக்குப் பூசிய தைலம்

புதுக் குருவானவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பட்டம் கிடைத்த முதல் வருடம் அவர்களை நோயாளிகளிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருப்பது நல்லது. நோயாளிகளின் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் என்னை ஊர்காவற்றுறைப் பக்கம் உதவிக் குருவாக அனுப்பினார்கள். நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. லத்தீன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தண்ணீர்தான் பெரும்பாடு.

நான் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னர், அனலைதீவில் ஒரு வயோதிபர் அவஸ்தைப்பூசுதல் பெறாமலே இறந்துபோயிருந்தார். (சாகக் கிடப்பவருக்குக் குரு தைலம் பூசிச் செபிக்கும் சடங்கைத்தான் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வோம்.) காற்று எதிர்த்ததால் பங்குக் குருவான சுவாமியின் வள்ளம் பிந்திவிட்டது. சனம் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டது. என் காலத்தில் இந்தக் கரைகளில் ஒருவரும் தைலம் இல்லாமல் சாகக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். தீர்மானம் நல்லதுதான். அதைக் கொஞ்சம் ஆறி அமர நிறைவேற்றியிருக்கலாம்.

ஒருநாள் மத்தியானம் அனலைதீவிலிருந்து ஆள் வந்தது. சந்தியாப்பிள்ளை அப்புவுக்கு நோய் கடுமையாம். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தைலச் சிமிழோடு ஓடிப்போய் வள்ளத்தில் ஏறினேன். பாதிக் கடலில், சாப்பிடாமல் விட்ட சோறும் வெளியே வந்தது என்றே நினைக்கிறேன். கரை இறங்கியபோது தீவு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது.

கொதிக்கும் வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தேன். கண் இருண்டது. முன்னறையில் ஒரு கட்டில். கட்டிலில் வெள்ளைத் தாடியோடு, வாயைத் திறந்தபடி ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். சுவரோரம் இருந்த பெண்கள் என்னைக் கண்டதும் முழந்தாளிட்டார்கள். ஒரு குருவுக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மெழுகுதிரியைக் கொளுத்திவைத்து, குருவின் தோள்பட்டியான ஊதா ஸ்தோலையைக் கழுத்தில் அணிந்தேன். பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும் நிலையில் ஆள் இல்லை என்று கண்டு நேரே தைலத்துக்குப் போனேன். கண்கள், காதுகள், மூக்கு, வாய், கைகள். ஒவ்வொன்றுக்கும் உரிய லத்தீன் செபத்தை ஒரு எழுத்துத் தவறாமல் சொன்னேன். அவ்வளவு அழகாக அந்தச் செபங்களை நான் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியாகப் பாதம். உள்ளங்காலில் பெருவிரலை வைத்ததுதான் தாமதம், என் நெஞ்சில் ஒரு உதை விழுந்தது.

சிமிழ் கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது. நான் அலுமாரியோடு போய் மோதி விழுந்தேன். செத்துக்கொண்டிருந்தவர் எழும்பி இருந்து என்னைப் பார்த்தார். ஸ்தோலையைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார். பிறகு முழந்தாளில் நின்ற மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"திரேசு, எனக்கு என்ன?"

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. "வெளியிலை ஆருக்கு நடக்குது?"

அந்தக் குரல்தான் சந்தியாப்பிள்ளை அப்பு. காற்றுப் படாமல் இருக்க அவரை உள்ளே மாற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் தைலம் பூசியது அவருடைய மகன் சூசைப்பிள்ளைக்கு. (நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான புனிதரின் பெயர்தான். இதையும் அன்று எனக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.) இரவு முழுதும் கடலில் நின்று வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, அப்போதுதான் அயர்ந்திருக்கிறார். தாடியில் இருந்த வெள்ளை கடல் உப்பு.

ஏன் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டேன். திரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "சுவாமிக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு எண்டு நினைச்சனான்." பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "இவருக்கு இன்னும் எவ்வளவு நாள் சுவாமி?" என்றா.

சிமிழை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்பு என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, தனக்கு அவசரமில்லை என்றும், கஞ்சி இருந்தால் தரச்சொல்லும்படியும் சொன்னார். அடுத்த கிழமை எழும்பி நடந்தார். அந்த அற்புதப் புதுமையைப் பற்றி ஊரில் ஒருவரும் கதைக்கவில்லை. ஊருக்கு அதைவிடப் பெரிய கதை கிடைத்திருந்தது.

நான் அதை வெட்கத்தோடு முடிந்த கதை என்றுதான் நினைத்தேன். பத்துப் பதினைந்து நாளில் திரேசம்மா ஊர்காவற்றுறைக்கு வந்து என் அறை வாசலில் நின்றா. சூசைப்பிள்ளையை ஒருவரும் வள்ளத்தில் ஏற்றுகிறார்கள் இல்லை. அவஸ்தை பூசின ஆளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் கடல் அவரை மட்டும் எடுக்குமா, வள்ளத்தோடு எடுக்குமா என்று ஆருக்குத் தெரியும்? சம்மாட்டி பஸ்தியாம்பிள்ளை, அவர்தான் வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மரியாதையாகவே மாட்டேன் என்றிருக்கிறார். வீட்டில் மீனும் இல்லை, அரிசியும் முடிகிற கட்டம்.

"சுவாமி, பூசினதை எடுத்துவிட ஏலாதோ?" என்று கேட்டா.

ஏலாது என்றேன். அது சாவுக்கான தைலம் மட்டுமல்ல, சுகத்துக்காகவும்தான் செபிக்கிறோம் என்று வேதசாத்திரப்படி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைச் சம்மாட்டியாருக்குச் சொல்லுங்கோ" என்றா.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுதல் கொடுக்க வேண்டிய தைலத்தை ஒரு மனிசனின் உலையில் ஊற்றி அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அனலைதீவுக் கோவிலில் இதைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் வைத்தேன். பூசை முடிந்ததும் பஸ்தியாம்பிள்ளை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"சுவாமி சொன்னது எல்லாம் சரி. எனக்கு நல்லா விளங்கினது. ஆனா கடல் பூசைக்கு வாறேல்லை. சுவாமியும் வள்ளத்திலை ஏறினா, அவனை ஏத்திறன்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது, கேட்டுக்கொண்டு ஊரே நின்றது.

விடியப்புறம் அங்கியோடு ஏறினேன். அங்கி வேண்டாம் என்று சொன்னார்கள். கடலுக்கு நான் ஆர் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். கடலுக்குத் தெரிந்துவிட்டது. வலை இறக்குமுன்னமே நான் வள்ளத்து விளிம்பில் தொங்கினேன். என் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடலில் விழாமல் வைத்திருந்தவர் சூசைப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் நான் அவருடைய மடியில் தலை வைத்துக் கிடந்தேன். சாகப்போகிறேன் என்று சொன்னேனாம், அதுவும் லத்தீனில். ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்ட சூசைப்பிள்ளை, என் காதோரம் குனிந்து, சாகும் நேரத்தில் பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப செபத்தைத் தொடக்கிவிட்டார்.

"சொல்லுங்கோ சுவாமி. சொல்ல ஏலாட்டில் மனதிலை நினையுங்கோ."

நினைத்தேன். முழு மனதோடு நினைத்தேன்.

முதலில் சிரித்தவர் பஸ்தியாம்பிள்ளை. அடக்கிப் பார்த்தார், ஏலவில்லை. பிறகு வள்ளம் முழுவதும் சிரித்தது. சூசைப்பிள்ளை மட்டும் செபத்தை முடித்து, ஆமென் சொல்லி, அதன் பிறகுதான் சிரித்தார். மீன் வழமைபோலத்தான் பட்டது. புதுமை ஒன்றும் நடக்கவில்லை. என்னைக் கரையில் இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அடுத்தநாள் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் சூசைப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

பிறகு நான் எத்தனையோ பங்குக் கோவில்களுக்கு மாறினேன். கதை எனக்கு முன்னமே போய்விடும். என் தங்கச்சி வீட்டில் நான் சாப்பிட வருகிறேன் என்றால், மத்தியானம் ஒருவரும் படுக்கையில் சரியமாட்டார்கள். மச்சான் நித்திரை தூங்கித் தூங்கியும் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். "மச்சான், ஒரு கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ" என்று நானே சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

போன வருடம் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியிலிருந்து எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். சூசைப்பிள்ளைக்குக் கடுமை, வேறு சுவாமி வேண்டாமாம். பஸ் பிடித்துப் போனேன். உடம்பு உருகிப்போயிருந்தது. இந்தமுறை தாடியில் இருந்த வெள்ளை உப்பு இல்லை. படுக்கமாட்டேன் என்று தலையணையில் சாய்ந்து இருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்து நித்திரை கொண்டுகொண்டிருந்தார்.

"சுவாமி, அவரில்லை. நான்," என்றார் சூசைப்பிள்ளை.

திரேசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரிப்பா, அழுகையா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே இரண்டும் வந்தது.

"முந்திப் பூசினது இருபது வருசத்துக்கு மேலை நிண்டது. அப்பிடியே பூசுங்கோ," என்றார்.

இப்போது எல்லாம் தமிழில். நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும். பூசி முடித்துச் சிமிழை மூடினேன். சூசைப்பிள்ளை போர்வைக்குள்ளிருந்து மெல்ல மெல்லக் காலை வெளியே நீட்டினார். சட்டம் மாறிவிட்டது, காலுக்குத் தேவையில்லை என்றேன். அவர் காலை உள்ளே எடுக்கவில்லை. நான் சிமிழைத் திரும்பத் திறந்து பாதத்திலும் பூசினேன்.

இந்தமுறை அவர் உதைக்கவில்லை.