கரை கோணிய பேட்டி

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனை எல்லோரும் புகழ்வார்கள். பக்கத்தில் வைத்துக்கொள்ள மட்டும் பயப்படுவார்கள். நான் அந்த ரகம்.

கணக்கெடுப்பு வேலையில் எனக்கு அன்று முதல் நாள். கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், விளக்கம் தரக் கூடாது, பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்த மேற்பார்வையாளர் மேடம், சரிபார்க்கக் கூடவே வந்தார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள் (பக்கத்துத் தெருவுக்கும்). செத்தாலும் பிசகுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீடு. தறியில் கணவர், அவருக்கு வலப்பக்கம் மனைவி. புடவை ஒரு நிறம், கரை வேறு நிறம். அதனால் அவர் ஊடைநூல் ஓட்டும் நாடா ஒன்றை எறிய, இவர் கரைக்கான நாடாவை எறிந்துகொண்டிருந்தார்.

“கடந்த வாரத்தில் நீங்கள் ஏதேனும் வேலை செய்தீர்களா?” என்று வாசித்தேன்.

“தறியில உக்காந்துக்கினு இருக்கேன், தெரியலியாப்பா?” என்றார் கணவர்.

நான் விடவில்லை. “ஆம் அல்லது இல்லை?”

“ஆமான்னு போட்டுக்கோப்பா. பாவம், கண்ணு சரியில்ல போல” என்றார் மனைவி.

மேடம் புருவத்தை உயர்த்தினார். நான் அவசரமாக மனைவி பக்கம் திரும்பினேன்.

“அம்மா, அவர் தனியாத்தான் பதில் சொல்லணும். நீங்க கொஞ்சம் உள்ள போறீங்களா?”

“நான் எழுந்துட்டா கரை யாரு போடுவாங்க? நீ போடுவியா?”

“போடுறேன்மா.”

(காஞ்சிபுரத்தில் பிறந்தேன் என்பதைத் தவிர நெசவில் எனக்கு வேறு தகுதி கிடையாது.) வேலை நிற்காமல் இருந்தால் போதும் என்று கணவர் தலையாட்டினார்.

ஒரு கையில் கேள்வித்தாள், மறு கையில் நாடா. கரை நூலை ஒரு முறை இறுக்கி இழுத்தேன், ஒரு முறை தொளதொளவென்று விட்டேன். கண் கேள்வியை விட்டு நகரவே இல்லை. சமையலறையிலிருந்து அந்த அம்மா முன்னிலும் உரக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்கள் வேலையில் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி? மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை.”

கணவர் குனிந்து கரையைப் பார்த்தார். அது வளைந்து நெளிந்து கிடந்தது.

“காலைல வரைக்கும் ரொம்ப திருப்திபா. இப்போ சுத்தமா இல்ல.”

“திருப்தி இல்லை” என்று பெருமையாகக் குறித்துக்கொண்டேன்.

மேடம் கேள்வித்தாளைப் பிடுங்கினார். “கேக்கறவங்களால பதில் மாறக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ அவர் பொழப்பையே மாத்திட்ட!”

அந்த அம்மா என் கைவரிசையை இழை இழையாகப் பிரித்தெடுத்தார். வேலை அன்றே போயிற்று. அம்மாவால் கொஞ்ச நாள் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

என் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்தபோது என்னைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் நிறத்தை மணமேடையில்தான் பார்த்தேன். ஆசையாகக் கரைப் பக்கம் குனிந்ததும் அம்மா போட்ட சத்தத்தில் ஐயர் மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

“கை வெக்காதடா, நேராத்தான் இருக்குது!”

இப்போது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள்.