கொள்ளிடத்தில் தூண்டில் போட்ட கதை

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு ஆண் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். பேசத் திறந்தால் ஆபத்து.

நான் திறந்தேன். உறையூரில் மாமியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பம்ப்பால் காற்றடித்தால் விரியும் கேனோ படகு ஒன்று வாங்கியிருப்பதாக என் மச்சினன் சுரேஷ் சொன்னான்.

"மீன் பிடிக்கப் போலாமா மாமா? உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு," என்றேன். (அதுவரை நான் பிடித்ததெல்லாம் பஸ்ஸும் சளியும்தான்.)

மாமியார் முகம் மலர்ந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை மசாலா அரைச்சு வெச்சிடுறேன் மாப்பிள்ளை. என் தங்கச்சி வீட்டையும் சாப்பிடக் கூப்பிட்டுடுறேன்."

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு தூண்டில் கடைக்குப் போனோம். புழுவுக்குப் பதிலாக மாட்டும் பொய் இரைகள் சரம் சரமாகத் தொங்கின. ரப்பர் தவளை, தகரக் கரண்டி, பிளாஸ்டிக் மீன்.

"எந்த மீனுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"பெரிய மீனுக்கு."

சுரேஷ் தவளையைக் காட்டினான். "விராலுக்கு இதான்னு சொல்றாங்க மாமா."

நான் அலட்சியமாகச் சிரித்துவிட்டு, ஜிகினா மின்னும் சிவப்பு மீனை எடுத்தேன். வயிற்றில் ஒரு மும்முனைக் கொக்கி, வாலில் இன்னொன்று. எனக்கே கவ்வலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடத்தில் படகை இறக்கினோம். நான் முன்னால், சுரேஷ் துடுப்போடு பின்னால். வீடியோவில் பார்த்தபடி தூண்டிலைத் தலைக்கு மேலே சுழற்றி வீசினேன். கம்பு மட்டும் முன்னால் போனது.

"மாமா, அசையாதீங்க," என்றான் சுரேஷ், மிக மெல்லிய குரலில்.

"மாட்டிடுச்சா?"

"மாட்டிடுச்சு. என் சட்டையில."

எடுத்துவிடக் கை நீட்டினேன். வால் கொக்கி என் சட்டைக் கையைக் கவ்வியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, துணி கிழிந்து, சிவப்பு மீன் துள்ளிப் படகின் விலாவில் குத்தி நின்றது. புஸ்ஸ்ஸ்...

"ஐயோ, காப்பாத்துங்க!" கொள்ளிடமே அதிரும்படி கத்தினேன்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். "எந்திரிச்சு நில்லுங்க தம்பி. முழங்கால் தண்ணிதான்."

எழுந்து நின்றோம். வீட்டிலோ மசாலா காத்திருந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது? வழியில் மீன் மார்க்கெட்டில் நுழைந்தோம். அங்கேயும் நான்தான் தேர்வு செய்தேன். இருப்பதிலேயே பளபளப்பாக, செக்கச்செவேலென்று ஒன்று. ஐஸ் வாடை போகக் கழுவி, ஈரப் பையில் போட்டுக்கொண்டோம்.

"ரொம்பப் போராடுச்சு அத்தை," என்று நீட்டினேன். கிழிந்த சட்டை சாட்சி சொன்னது.

அத்தை செவுளைத் தூக்கிப் பார்த்தார். "நான் நாகப்பட்டினத்துல பொறந்து வளந்தவ மாப்பிள்ளை. இது சங்கரா, கடல் மீனு. அங்கேருந்து எதிர்நீச்சல் போட்டு உங்களத் தேடி வந்துருக்கு, பாவம்!"

அவர் தங்கச்சி வீடே உருண்டு புரண்டு சிரித்தது. என் மனைவி அடுப்படிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். (குழம்பு மட்டும் பிரமாதம். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், தலை நிமிராமல்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சங்கரா என்று சொல்வதில்லை, 'மாப்பிள்ளை மீன்'தான். போன வாரம் மார்க்கெட்டில் என் மகள், அதுதான் உண்மைப் பெயர் என்ற நம்பிக்கையில், "அண்ணே, மாப்பிள்ளை மீன் ஒரு கிலோ குடுங்க," என்றாள். மீன்காரர் திருதிருவென்று விழித்து என்னைப் பார்த்தார்.

"அது என்ன மீனுங்க சார்?"

நான் குனிந்தபடியே சங்கராவைச் சுட்டிக் காட்டினேன்.