ஆளுக்கொரு கம்பி

குருநகர்,
12.10.1992

அன்புள்ள தம்பி கிறகோரி அறிவது,

மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி யசிந்தாவும் சுகம். கொழும்பில் நீயும் சுகமென்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். கடிதம் போட உனக்கு நேரமில்லையே. உன்னை ஏஜென்சிக்காரன் பிரான்சுக்கு எப்போது ஏற்றுவான் என்று ஊரெல்லாம் என்னிடம் கேட்கிறது. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் பேஸ் கிற்றார் ஒன்று செய்யப்போகிறேன்.

சிரிக்காதே. நீ போனபிறகு கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் இல்லை. போன ஞாயிறு பாட்டு தரையில் கால் படாமல் தொங்கியது, பங்குச் சுவாமி முகத்தைச் சுளித்தார், நான் எழும்பி, பாலன் பிறக்கிற நத்தாருக்குள் அடிச்சத்தத்துக்கு வழி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் நாலு கம்பிதான் யோசித்தேன். உன் குரல் இறங்கும் ஆழத்துக்கு நாலு காணாது, ஆகவே கீழே ஒன்று கூட்டினேன். படம் கீறி முடிக்கவில்லை, மேல்குரல் பாடும் அருட்பிரகாசம் நோர்வேக்குப் போய்விட்டான், மேலே இன்னொன்று. இப்போது ஆறு. நடுக்குரல் பாடும் கத்தரீனாவுக்கும் ஜேர்மனியில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். கழுத்துப் பலகையை அகலமாகவே கீறியிருக்கிறேன், இனி எவர் போனாலும் இடமிருக்கும்.

எனக்கு மரவேலை தெரியாதென்று உன் அண்ணி சொன்னால் நம்பாதே. நான் செய்த முக்காலியில் இன்றும் கோழி அடைகிறது. ரேடியோ திருத்தும் தேவராசாவிடம் யோசனை கேட்கப் போனேன்.

"பேதுரு அண்ணை, ரெண்டு வருசமாய்க் கரண்ட் இல்லாத ஊரிலை கரண்ட் கிற்றார் ஏன்?" என்றான்.

"சைக்கிள் டைனமோவிலை நீ ரேடியோ கேக்கிறேல்லையோ? கோயிலுக்குள்ளை சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு ஒராள் மிதிக்கட்டும்."

"ஆர் மிதிக்கிறது?"

"பாடத் தெரியாத ஆள். நீதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அடிக்கம்பி தட்டும்போது கூடுதலாக மிதிக்க வேண்டுமோ என்று கேட்டான். ஆள் சம்மதம். ஆனால் தங்கூசியில் கம்பி போடலாம் என்றதற்கு, கரண்ட் கிற்றாரின் காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், மீன் பிடிக்கிற நைலோனை மதிக்காது என்றுவிட்டான். சரியென்று அவனுடைய சைக்கிளிலிருந்தே இரண்டு பிறேக் கம்பியையும் கழற்றினேன். அவன் அதைக் கவனிக்காமல் ஏறிப் போய் மதகில் மோதினான். ஸ்ராண்டில் நிற்கப்போகிற சைக்கிளுக்குப் பிறேக் எதற்கு என்று விளக்கியும் கோபம் ஆறவில்லை, கம்பி இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே கொழும்பில் ஆறு கம்பி வாங்கி, இக்கடிதத்தைக் கொண்டுவரும் லூர்த்தம்மா மாமியிடமே கொடுத்தனுப்பு. மரத்துக்குக் கவலையில்லை, நல்ல முதிரை வீட்டிலேயே கிடைத்தது. நீ நிம்மதியாகப் பிரான்சுக்குப் போ. நத்தார்ப் பாட்டு ஒரு குறையுமில்லாமல் நடக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, செபத்தை விடாதே. மாதா உன் கூடவே வருவாளாக.

உன் அண்ணன்,
பேதுரு

பி.கு: அந்த முதிரை உன் கட்டில். சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், இன்னும் வாள் வைக்கவில்லை. "வரமாட்டனெண்டு அவன் தன்ரை கையாலை எழுதட்டும், அதுக்குப் பிறகு அறுங்கோ" என்கிறாள் யசிந்தா. தலையணை உறையையும் தோய்த்துப் போட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் வரவில்லை. நத்தாருக்கு நீ வருவதென்றால் கம்பி ஒன்றும் வாங்காதே. பென்சில் கோடுதானே, ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும்.