எங்கள் வீட்டுக் கோழியின் ஐந்தாம் நாள்

அரேகிப்பா,
சனிக்கிழமை, மத்தியானம்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஸோராய்டா பெரியம்மாவுக்கு, தங்கை மகன் அனிபால் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது.

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பில் வெந்து, ஐந்து நாள் ஃபிரிட்ஜில் படுத்த படுக்கையாக இருந்த கோழி, நேற்று வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு அப்பாவின் வயிற்றில் அமைதியாக இயற்கை எய்தியது. அன்னாரின் எலும்புகள் சூப்புக்கு வைக்கப்பட்டுள்ளன. மற்றபடி இங்கே கோழியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தக்னாவில் உங்கள் முழங்கால், தையல் மெஷின், பெரியப்பா, இந்த வரிசையில் எல்லாம் நன்றாக இயங்குகின்றனவா என்று அறிய ஆவல்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரு ஃபோன், அதை மோப்பம் பிடிக்க மிலுஸ்கா என்று ஒரு அக்கா. அதனால்தான். அம்மா போன வாரம் உங்களிடம், "படிப்பை விட்டுட்டேன், நீ தைச்சுக் குடுத்த வெள்ளை யூனிஃபார்மைப் பார்சல்ல அனுப்பிடறேன், வேற யாருக்காவது ஆகும்" என்று அழுதாளாம். அந்தப் பார்சல் வராது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டாம். ஏன் வராது, அதில் அடியேனின் பங்கு எவ்வளவு மகத்தானது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியும், அம்மா காலையில் ஆறு மணிக்கு மருந்துக்கடைக்குப் போனால், சாயங்காலம் அப்படியே நர்ஸிங் வகுப்புக்குப் போய்விடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று கோழியை ஒரே பானையில் வேகவைத்து, பிய்த்து, அஞ்சு நாளைக்கும் டப்பா டப்பாவாக அடைத்து, மூடி மேல் டேப் ஒட்டி ஏதோ எழுதி வைப்பாள், தேதியாக இருக்கும். திங்கள் கோழி, செவ்வாய் கோழி, புதன் கோழி. பெரியம்மா, எனக்கு வயது பதினைந்து, ஆனால் கோழி தின்ற அனுபவத்தில் நான் ரிட்டயர் ஆக வேண்டியவன். காலையில் எழுந்தால் கொட்டாவிக்குப் பதில் கொக்கரக்கோ வருகிறது. திங்கட்கிழமைக் கோழி பரவாயில்லை, செவ்வாய்க்கிழமைக் கோழி வைராக்கியம் பிடித்தது, வியாழக்கிழமைக் கோழியை மைக்ரோவேவில் சூடாக்கினால் அப்பாவின் பட்டறையில் கதவு இடுக்கில் சொருகலாம், காற்று புகாது. டப்பா கழுவுவதும் அடுக்குவதும் என் இலாகா என்பதால், களைப்பு தீர நானும் ஒரு டேப் எடுத்து ஒவ்வொரு மூடியிலும் கல்லறைக் கல் மாதிரி எழுதி ஒட்டினேன்: "தோற்றம் ஞாயிறு, மறைவு வியாழன், மறைந்தும் மணக்கிறார்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டேனா? ஃப்ரீஸரில் அம்மா எதற்கோ கோழிச்சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருப்பாள், மஞ்சள் மஞ்சளாக. மிலுஸ்காவைப் பார்க்க அந்த ரெனான் வருகிறபோதெல்லாம் அவனுடைய சோளச் சிச்சா பானத்தில் அதிலிருந்து நாலு கட்டி போட்டு நீட்டுவேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "ஆன்ட்டி கைப்பக்குவமே தனி"ங்கறான். காதல் நாக்கையும் மறைக்குமாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை அம்மா கடையிலிருந்து வருகிற வழியில் அப்பாவின் பட்டறைப் பக்கம் போயிருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு நாய், கன்றுக்குட்டி சைஸ், ஓடி வந்து அம்மா காலில் விழுந்து, கையை நக்கி, பையை முகர்ந்து, ஊளையிட்டு ஆனந்தக் கண்ணீர் வடித்திருக்கிறது. அம்மா அந்த நாயை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"எவரிஸ்டோ, இது ஏன் என்னை இப்படிக் கொஞ்சுது?"ன்னு கேட்டிருக்கா.

அப்பாவோட வேலை செய்யற அந்த எவரிஸ்டோ, நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாத பாவி, "தெரியாதாக்கா? ரெண்டு மாசமா உங்க சமையல்தானே சாப்பிடுது. அஞ்சு கிலோ ஏறிடுச்சு"ன்னுட்டான்.

அம்மா வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். உட்கார்ந்து ஒவ்வொருத்தரையும் கேட்டாள். மிலுஸ்கா தன் டப்பாவைக் காலேஜ் வாட்ச்மேனுக்குக் கொடுத்தது வெளியே வந்தது. என் டப்பா எங்கே போனது என்பதை இங்கே எழுதுவது எனக்கு நல்லதல்ல. அப்பா மட்டும், "நெலிடா, அது வந்து, நாய் ரொம்ப மெலிஞ்சிருந்தது" என்று ஆரம்பித்தார்.

"சரி, நாயாவது தேறுச்சே"ன்னா அம்மா. "நான் புஸ்தகத்தைத் தூக்கிட்டு அலையறேன், நீங்க பட்டினி கிடக்கறீங்க. எனக்கு எதுக்கு இந்த வயசுல பரீட்சை? திங்கட்கிழமை போய் என் பேரை நீக்கச் சொல்லிடறேன். தினம் வந்து சுடச்சுட சமைக்கறேன், போதுமா?"

அப்புறம் உள்ளே போய் யூனிஃபார்மை மடித்து, சட்டைக் கையை உள்ளே மடித்து, அட்டைப் பெட்டியில் வைத்தாள். நர்ஸ் ஒருத்தி கை கட்டிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது பெரியம்மா. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான்.

அப்போதுதான் உங்கள் அனிபால் எழுந்து நின்று சவால் விட்டான். "ஒரு வாரம் குடு. சாயங்கால அடுப்பு என் கையில. நீ வழக்கம்போல ஞாயித்துக்கிழமை வேகவை, மீதியை நான் பாத்துக்கறேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை எல்லா டப்பாவும் காலியா வரணும். நாய் காலி பண்ணினது செல்லாது"ன்னா.

திங்கள் சாயங்காலம். வெந்த கோழியை எண்ணெயில் பொரித்தால் மொறுமொறுவென்று வரும் என்று நினைத்தேன். ஈரத்தோடு போட்டதில் எண்ணெய் கூரை வரைக்கும் தெறித்து, திரைச்சீலை இப்போது சிறுத்தைத் தோல் மாதிரி இருக்கிறது, கோழி மட்டும் செருப்பு மாதிரி. மறுநாள் டப்பாவில் அதுதான் போனது. அப்பா மென்றே தீர்ப்பது என்று மென்றாராம், எவரிஸ்டோ சொன்னான், "மத்தியானம் முழுக்க உங்கப்பா வாயைத் தவிர வேற எதுவும் வேலை செய்யலடா." செவ்வாய்க்கிழமை, உலர்ந்த கோழிக்குக் காரம்தான் மருந்து என்று ரொக்கோட்டோ மிளகாயை விதையோடு அரைத்துக் கொட்டினேன். மிஸ்தி எரிமலை இன்னும் வெடிக்கவில்லை, அப்பா வெடித்துவிட்டார். மிலுஸ்கா அரை மணி நேரம் குழாயடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். "டேய், ரெனான் வீட்டுக்கு ஓடிப் போறேன்டா, அங்க சோறாவது போடுவாங்க"ங்கறா. நானும் தின்றேன், என் காதிலும் புகை. வகுப்பு முடிந்து வந்த அம்மா எங்கள் மூணு பேர் சிவந்த முகத்தையும் பார்த்தாள், அட்டைப் பெட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

புதன்கிழமைதான் எனக்கு ஞானோதயம். வெறும் மூளையால், யார் உதவியும் இல்லாமல், பதினைந்தே வயதில் நான் கண்டறிந்த உண்மை இது: ஆறின கோழியை மறுபடி சமைக்கவே கூடாது, பாவம் அது ஏற்கெனவே ஒரு தடவை வெந்த உடம்பு. அதன் சாற்றையே கொஞ்சம் சேர்த்து, மூடி, சின்னத் தீயில் சூடு காட்டி எழுப்ப வேண்டும். வெங்காயத்தையும் எலுமிச்சையையும் பச்சையாகத் தனியே வைத்துத் தின்னும்போதுதான் கலக்க வேண்டும். புதன்கிழமை அதையே சோயா ஊற்றி, முட்டை உடைத்து, சீனக் கடைச் சோறு மாதிரி வறுத்தேன். சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். வியாழன், வெள்ளிக்கான கோழியை ஃப்ரீஸரில் தள்ளியிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அதை இறக்கி, மஞ்சள் உருளைக்கிழங்கைப் பிசைந்து, நடுவில் கோழியும் அவகாடோவும் வைத்து அடுக்கடுக்காகக் கட்டினேன். அது நேற்றைய டப்பா.

நேற்று மூணு டப்பாவும் காலி. எங்கள் பேச்சை நம்பக்கூடாது என்று அம்மா முன்னாலேயே முடிவு செய்திருந்தாள். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே பட்டறைக்குப் போய் நாயை விசாரித்திருக்கிறாள். நாய் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதாம். அப்பாவைப் பார்த்து உறுமியதாம். எவரிஸ்டோ, "அக்கா, ரெண்டு நாளா அதுக்கு ஒண்ணுமே விழல, அண்ணன் எனக்குக்கூட ஒரு வாய் தரல"ன்னு புலம்பினானாம். அம்மா வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, யூனிஃபார்மை உதறி, இஸ்திரி போட்டாள். பேரை நீக்கவே இல்லையாம், திங்கட்கிழமை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாளாம். என் தலையைத் தடவி, "எங்கடா கத்துக்கிட்டே?"ன்னு கேட்டா. "பிறவி ஞானம்மா"ன்னேன்.

பெரியப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் தனி வணக்கம். எல்லாப் புனிதர்களும் உங்களைக் காக்க, முக்கியமாகக் கோழியிலிருந்து.

இப்படிக்கு,
சமையற்கலைச் சக்கரவர்த்தி,
அனிபால்

பின்குறிப்பு: பிறவி ஞானமெல்லாம் இல்லை பெரியம்மா. புதன்கிழமை ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்தபோது ஈரத்தில் என் கல்லறை டேப் கழன்று விழுந்தது. அடியில் அம்மாவின் டேப். தேதி இல்லை அது. "புதன்: ஐஸ் ரெண்டு கட்டி, மூடி வை, சின்னத் தீ. வெங்காயம் தனியா. சோயா, முட்டை." மற்ற மூடிகளிலும் உரித்துப் பார்த்தேன், ஒவ்வொரு நாளைக்கும் ஒன்று இருந்தது. ஜூலை வரைக்கும் அதைப் படித்துத்தான் அப்பா சூடாக்குவார், டப்பாவும் காலியாகத்தான் வந்தது. ஆகஸ்டில் நான் மேலே ஒட்ட ஆரம்பித்தேன். அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். ஐஸ் கட்டியெல்லாம் ரெனான் வயிற்றில். வெள்ளிக்கிழமை மூடியில், "உருளைக்கிழங்கு, அவகாடோ. அனிபாலுக்குப் பிடிக்கும்" என்று இருந்தது. இதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பரீட்சை முடிந்ததும். எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், எனக்குத்தான்.