சிமெண்ட் ஆன மாம்பழம்

மனித குலம் இதுவரை கண்ட குறைதீர்க்கும் முறைகளில் தலையாயது 'கஸ்டமர் சப்போர்ட்' என்பதைக் கோவிந்தாபுரம் மாம்பழ வியாபாரிகள் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன். சாமியிடம் முறையிட்டால்கூடப் புகார் எண் கிடைப்பதில்லை. இவர்கள் தருகிறார்கள்.

என் மச்சான் ஆறுச்சாமி, தோப்பின் முதல் அறுவடையை லாரியில் ஏற்றிவிட்டு, 'துரிதா' நிறுவனத்தின் சரக்கு பில் செயலியில் பில் போட்டார். 'சரக்கு: சிமெண்ட்' என்று வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் சிமெண்ட். மணக்கிற சிமெண்ட்டை மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் எந்த அதிகாரி விடுவார்? நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, சின்ன விசயந்தானுங்க. மாம்பழம் ஏத்துனா சிமெண்ட்டுன்னு வருதுங்க."

"அவசரமா சார்?" என்றார் ஜீவிதா. பதவி, 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி'.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மெதுவாப் பாருங்க."

நான் அவர் முழங்கையை இடித்தேன். "என்னங்க மச்சான், பழம் இப்பவே கனிஞ்சு கெடக்குது."

அவர் போனைப் பொத்திக்கொண்டார். "அவசரத்தக் காட்டுனா மதிப்புப் போயிரும் மாப்ளே. ஏவாரம் பழகாத ஆளாட்டம் பேசாதீங்க."

கனிந்த சரக்கை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவது எங்கள் குலவித்தை. அதை மெச்சி, நிறுவனம் அவர் புகாரைச் 'சாவகாசம்' என்ற பிரிவில் சேர்த்தது.

மறுநாள் லாரிக்கு அடியில் சாறு சொட்டியது. ஈக்கள் குடும்பத்தோடு வந்தன. மச்சானுக்குக் குலவித்தை மறந்துபோயிற்று.

"அம்மிணி, ரொம்ப அவசரமுங்க. எங்க வருசத்துச் சோறே அந்த லாரியிலதான் நிக்குதுங்க."

"அவசரமில்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ரெக்கார்டிங் இருக்கு. இருந்தாலும் எங்க டீம் டெஸ்ட் பண்ணிட்டாங்க. சிமெண்ட் ஏத்தினா சிமெண்ட்டுன்னு கரெக்டா வருது."

"நான் ஏத்துனது மாம்பழமுங்க."

"ஒரு தடவை சிமெண்ட் ஏத்திப் பாக்கறீங்களா சார்?"

டிரைவர் பாண்டி மூக்கைப் பிடித்தபடி சொன்னார்: "அதுக்கு மொதல்ல இத எறக்கோணுமுங்க."

இறக்கினோம். தோப்பிலேயே குழி வெட்டி இறக்கினோம்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டி, 'மூலகாரணம்' ஆராய்ந்து, குற்றவாளியைக் கண்டுபிடித்தது: மாம்பழம். செயலியின் புதிய பதிப்பில் சரக்குப் பட்டியலிலிருந்து மாம்பழமே நீக்கப்பட்டது. நாங்கள் குழியை மூடிக்கொண்டிருக்கையில் செய்தி வந்தது: 'தங்கள் குறை தீர்ந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

"நீங்களே அமுக்குங்க மாப்ளே," என்றார் மச்சான். "என்ற கையெல்லாம் பிசுபிசுங்குது."

ஐந்தையும் அமுக்கினேன். தகுதி இருக்கிறது. எங்கள் சந்தையில் அழுகல் சரக்கை விற்றால் திருட்டு என்போம். அழுகலை விற்று, வாங்கியவனுடைய நல்ல சரக்கையும் அழுகவைத்தால், அதற்கு 'சப்போர்ட்' என்று பெயர்.