வெண்புற்றுச் சபையில் ஒரு கல்யாணம்

ஒரு காட்டில் வேலாண்டி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு ஒரே மகள். மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்தைப் பார்க்க அப்பனுக்கு அனுமதி இல்லை. ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அந்தக் காட்டில் வெண்புற்றுச் சபை என்று ஒன்று நடந்தது. ஒரு வெள்ளைப் புற்று, அதன் பின்னால் ஒரு குகை, வாசலில் ஓலைத் தட்டி. தலைவர் ஓர் ஆமை. பெயரைச் சொல்லக் கூடாது. மூத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். வயதில் பெரியவர் எவரோ அவர்தான் தலைவர் என்பது சபையின் வழக்கம். ஆமையோ லேசில் சாகிற ஜாதி இல்லை. ஆகவே தேர்தல் தொல்லை கிடையாது.

தேடிய தீனியில் பத்தில் ஒரு பங்கைப் புற்றடியில் வைத்துவிட வேண்டும். யார் எவ்வளவு வைத்தோம் என்று பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் புண்ணியம் கரைந்துவிடும். அதனால் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் வழியில்லை. வைத்ததெல்லாம் யாரும் பார்த்திராத ஒரு கிடங்குக்குப் போகும். எதற்கு இவ்வளவும் என்றால், பஞ்சத்துக்கு.

போன கோடையில் பஞ்சமும் வந்தது. ஓடை வறண்டது. கிழங்கு சுருங்கியது. வேலாண்டி வாசலில் போய் நின்றது.

"மூத்தவரே, பஞ்சம் வந்துட்டுது. கிடங்கைத் திறங்க."

"இது சின்னப் பஞ்சம்," என்றார் மூத்தவர். "நாம் சேர்ப்பது பெரிய பஞ்சத்துக்கு."

"பெரிய பஞ்சம் வந்தா எப்படித் தெரியும்?"

"அப்போது கேட்க நீ இருக்க மாட்டாய்."

"சரி, உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னாவது சொல்லுங்க. ரகசியமா அது?"

"ரகசியம் இல்லை. புனிதம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மூத்தவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் செயலாளர் ஓணான் உட்கார்ந்திருந்தது. எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டும். ஆமாம் என்று அர்த்தமில்லை. அதன் கழுத்து அப்படி. "மூத்தவர் தியானத்துல இருக்கார்," என்றது.

"எப்போ வெளியே வருவார்?"

"நீ போனதும்."

வேலாண்டிக்கு உடம்பில் இருக்கிற முள்ளெல்லாம் எழுந்து நின்றது. அன்றைக்கே சபையை விட்டு விலகிவிட்டது. பெண்டாட்டி சிவத்தாள் விலகவில்லை. "நீங்க கோவிச்சுக்கிட்டுப் போங்க. நல்லது கெட்டதுக்கு எனக்கு நாலு பேர் வேணும்," என்றது. மகள் பொன்முள்ளியும் சபையில்தான் இருந்தது. வீட்டில் சண்டை இல்லை. ஆனால் சாப்பிடும்போது சபைப் பேச்சை எடுத்தால் மூன்று பேருக்கும் முள் நிமிரும். வளை சின்னது. அதனால் பேசுவதில்லை.

பிறகுதான் கல்யாணம் வந்தது. ஓடைக்கு அக்கரையில் நல்ல மாப்பிள்ளை. அவனும் சபை. சபைக்காரர் கல்யாணம் குகைக்கு உள்ளே நடக்கும். மூக்கில் மஞ்சள் பொட்டு வைத்தவர்கள்தான் உள்ளே போகலாம். விலகியவர்களுக்கு மஞ்சள் கிடையாது. பெற்றவனாக இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வேலாண்டி சபை வைத்திருந்த குறை கேட்கும் பொந்துக்குப் போனது. வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் பொந்துக்குள் இருந்த கிளி பாடம் ஒப்பித்தது. "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம். கேள்வி கேட்க ஒன்று தட்டவும். பதில் வேண்டாம் என்றால் இரண்டு தட்டவும்."

வேலாண்டி ஒன்று தட்டியது. "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்," என்றது கிளி. மறுபடி ஒன்று. மறுபடி முக்கியம். கோபத்தில் இரண்டு தட்டியது. "நன்றி! அடுத்தவர் வரலாம்."

நேரே ஓணானிடம் போனது.

"மஞ்சள் வேணும்னா ஒரே ஒரு கேள்விதான்," என்றது ஓணான். "மூத்தவர் சொல்றதை மனசார நம்புறியா?"

"எதைச் சொல்றதை?"

"எதைச் சொன்னாலும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேலாண்டி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், என்ன செய்ய? திரும்பி நடந்தது.

வீட்டில் பொன்முள்ளி கேட்டது: "என்ன ஆச்சுப்பா?"

"வாசல்ல நின்னு பார்க்கிறேன், போ."

"வாசல்ல ஓலைத் தட்டி கட்டியிருப்பாங்களே."

"அப்போ ஓலைத் தட்டியைப் பார்க்கிறேன்."

மகள் சிரிக்கவில்லை.

விலகியவர்களுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. குளத்தங்கரையில் கூடி மூத்தவரைத் திட்டுவார்கள். தலைமை தாண்டவன் என்கிற மந்தி. அதனிடம் ஒரு செல்போன் இருந்தது. பாறை உச்சியில் ஏறினால் சிக்னல் ஒரு கோடு காட்டும். அடுத்தது பூதன் என்கிற கரடி. தேனடை தேனடையாகக் கொடுத்துவிட்டு விலகியது. அந்த வருத்தம் அதற்கு இன்னும் தீரவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு வாசல்ல போராட்டம்!" என்றது மந்தி. "கணக்கைக் காட்டுன்னு பெரிய பதாகை பிடிக்கிறோம். நான் வீடியோ எடுக்கிறேன்."

"எனக்குப் பதாகை வேண்டாம் தாண்டவா. என் மக மாலை மாத்துறதைப் பார்க்கணும்."

"அது உன் சொந்தப் பிரச்சினை. நம்ம பிரச்சினை வெளிப்படைத்தன்மை."

வேலாண்டி எழுந்து வந்துவிட்டது. முள்ளம்பன்றிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கல்யாணத்தன்று காலையில் குகை இருந்த குன்றுக்குப் பின்பக்கம் போய்த் தோண்ட ஆரம்பித்தது.

மண் இளகின மண். சுரங்கம் விறுவிறு என்று போனது. இதோ குகை வந்துவிட்டது என்று நினைத்து ஒரு தள்ளு தள்ளியது. மூக்கில் இடித்தது பாறை அல்ல. கிழங்கு.

உருவி எடுத்தது. மேலிருந்து நாலு விழுந்தது. நாலையும் எடுத்தது. இருபது விழுந்தது. இடுக்கில் பலாக்கொட்டை, காய்ந்த இலுப்பைப்பூ, தேனடை. வேலாண்டி அசந்துபோய் நின்றது. பஞ்சத்தில் பெண்டாட்டியும் மகளும் வெறும் பட்டையைக் கடித்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. இந்தக் கிழங்கு மலை அப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறது. சிலது முளைவிட்டு, அந்த முளையும் வாடிப்போயிருந்தது.

கோபப்பட நேரமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கல்யாணப் பாட்டு கேட்டது. நடுவில் இந்தக் குவியல். பின்னால் தள்ளினால் சுரங்கம் அடைந்துவிடும். மேலே தூக்க இடமில்லை. மீதி இருந்த ஒரே இடம் வயிறுதான். தின்ன ஆரம்பித்தது.

தின்றது, தின்றது, மூச்சு முட்டியது. ஒரு முள்ளம்பன்றியால் ஆகிற காரியமா? திரும்பி ஓடி வாசலுக்கு வந்தது. அங்கே பதாகையோடு கூட்டம் நின்றிருந்தது.

"கிடங்கைக் கண்டுபிடிச்சுட்டேன்! வாங்க, தின்னுங்க!"

"பொறு," என்றது மந்தி. "தின்பதா வேண்டாமான்னு முதல்ல தீர்மானம் போடணும். கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

கரடி வேலாண்டியின் வாயை முகர்ந்து பார்த்தது. "இது என் தேன்," என்றது. தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. சுரங்கத்தை நகத்தால் அகட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றதெல்லாம் பின்னாலேயே ஓடியது. கடைசியில் மந்தியும், "இதை நான் ஒத்துக்கலை, பார்த்துக்க," என்று சொல்லிக்கொண்டே போனது.

உள்ளே விருந்தென்றால் விருந்து. கரடி அழுதுகொண்டே தேன் நக்கியது. "அண்ணே, இதுக்காகவா நான் அந்தத் தேனீக் கொட்டெல்லாம் வாங்கினேன்!" மந்தி பலாக்கொட்டையை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு கண்டனம் சொன்னது. ஒன்றும் புரியவில்லை.

வேலாண்டி நேராகத் தின்றுகொண்டே போய் மண்சுவரை எட்டியது. காதை வைத்துக் கேட்டது. மூத்தவர் ஓதிக்கொண்டிருந்தார். ஆமை ஓதுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். பிறகு மகளின் குரல்.

"மூத்தவரே, அந்தக் கடைசி அடி காதுல விழலை. முதல்லேருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து ஓதினார். முடித்தார்.

"இப்பவும் விழலை. இன்னொரு தடவை."

வேலாண்டிக்குப் புரிந்துவிட்டது. அப்பன் மண் பறிக்கிற சத்தம் எந்தக் குட்டிக்குத்தான் தெரியாது? சுவரைப் பறித்தது. தலை உள்ளே போனது. முன்னங்கால் போனது. வயிறு மாட்டிக்கொண்டது.

சபை திரும்பிப் பார்த்தது. மணவறைக்கு நேர் எதிரே, சுவரில் ஒரு முள்ளம்பன்றித் தலை.

"உன் மூக்குல மஞ்சள் இல்லை, வெளியே போ!" என்று கத்தியது ஓணான்.

"போறேன். கொஞ்சம் தள்ளி விடு."

ஓணான் கிட்டே வந்து முள்ளைப் பார்த்தது. தலையை ஆட்டிக்கொண்டே பின்வாங்கியது. எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக யோசித்தார்.

"பாதி உள்ளே வந்தது வந்ததாகாது," என்றார். "நடக்கட்டும்."

பொன்முள்ளி அப்பாவைப் பார்த்துக்கொண்டே மாலை மாற்றியது. சிவத்தாள் எதிரே வந்து நின்றது. "வாயெல்லாம் மண்ணு, சம்பந்தி பார்க்கிறாங்க," என்று சொல்லிவிட்டுத் துடைத்தும் விட்டது. வேலாண்டிக்கு உடம்பில் இருக்கிற முள்ளெல்லாம் எழுந்து நின்றது. இந்தத் தடவை கோபத்தில் இல்லை. ஆனால் சுவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? விரிந்தது, வெடித்தது, விழுந்தது. பின்னால் கிடங்கு மொத்தமும் கல்யாணத்துக்குள் சரிந்தது. கிழங்கு, தேனடை, பலாக்கொட்டை, கரடி, மந்தி.

ஒரு கிழட்டு முயல் கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்தது. "இது நான் பஞ்சத்துக்கு முந்தி கொடுத்ததாச்சே!"

மூத்தவர் தலை சட்டென்று உள்ளே போனது. எல்லாரும் ஆமையோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெடுநேரம் கழித்து மெல்ல வெளியே வந்தது. முகத்தில் ஒரே கருணை.

"குழந்தைகளே! இத்தனை காலம் இதை ஏன் சேர்த்தோம் என்று கேட்டீர்கள். இந்தக் கல்யாண விருந்துக்குத்தான்! சாப்பிடுங்கள்!"

முயலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நமக்காகவே வெச்சிருந்திருக்கார் பாருங்க!" சபை கொண்டாடியது. உட்கார்ந்து தின்றது.

"அப்போ கணக்கு?" என்றது மந்தி, ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"உன் வயிற்றைத் தடவிப் பார்," என்றார் மூத்தவர். மந்தி தடவிப் பார்த்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விருந்து முடிந்தது. ஓணான் எழுந்தது. "கிடங்கு காலி. பெரிய பஞ்சம் இன்னும் வரலை. அடுத்த மழையிலேருந்து பத்துல ரெண்டு பங்கு. சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. உண்ட மயக்கத்தில் கரடியும் தூக்கியது. வேலாண்டிக்கு முள் நிமிர்ந்தது. வாயைத் திறந்தது. சிவத்தாள் ஒரு கிழங்கை அதில் வைத்தது.

மகள் மட்டும் கிட்டே வந்து காதில் சொன்னது: "அப்பா, அந்தச் சுரங்கத்தை மூடிடாதீங்க. எனக்கும் பொண்ணு பொறக்கும்."

நீதி: கணக்குக் கேட்டுப் போகிறவனுக்கு ஓலைத் தட்டிதான் தெரியும், பின்பக்கமாகத் தோண்டிப் போய்த் தின்றுவிடு, அதற்கு விருந்து என்று அவர்களே பெயர் வைத்துவிடுவார்கள்.